சேலம் ஸ்டேஷன் சேலத்தில் இல்லை! (சூரமங்கலத்தின் கதை)

சென்னையில் ராத்திரி ரயில் ஏறி, விடியற்காலையில் "சேலம்" என்ற மஞ்சள் போர்டைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள்? 1994 வரைக்கும் அவர்களில் ஒருவர்கூட சேலத்தில் இறங்கவில்லை. இறங்கியது சூரமங்கலத்தில். அது தனி ஊர், தனி நகராட்சி. சேலம் நகராட்சியின் எல்லை அங்கிருந்து கிழக்கே தள்ளித்தான் ஆரம்பித்தது. பழைய டவுனின் நடுவுக்குப் போக இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஜட்கா வண்டியோ டவுன் பஸ்ஸோ பிடிக்க வேண்டும்.

ஊர் ஒரு பக்கம், ஊர் பேரில் ஸ்டேஷன் இன்னொரு பக்கம்... இது எப்படி நடந்தது?

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயிலை விட்டது. ஆனால் கம்பெனியின் கண் ஆற்காட்டின் மேல் இல்லை, அரபிக்கடல் மேல் இருந்தது. மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர் துறைமுகம்தான் குறி. கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் ஒரே தண்டவாளத்தில் இணைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம், செலவில்லாமல். ஜோலார்பேட்டை தாண்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாக, சேர்வராயன் மலையை இடது கைப்பக்கம் விட்டுவிட்டு, லோக்கூர் மலைச்சரிவில் இறங்கி, லைன் 1861ல் சேலம் சமவெளிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த இலக்கு சங்ககிரி, பிறகு காவிரியைத் தாண்டி ஈரோடு. இரண்டுமே தென்மேற்கில் இருக்கின்றன. மேப்பை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த சேலம் டவுனைத் தொட வேண்டும் என்றால் லைன் கிழக்கே ஒரு வளைவு வளைந்து திரும்ப வேண்டும். கம்பெனி வளையவில்லை. டவுனுக்கு மேற்கே சூரமங்கலத்தில் ஒரு ஸ்டேஷனைக் கட்டி, பெயரை மட்டும் சேலம் என்று வைத்துவிட்டது.

இது சேலத்துக்கு மட்டும் நடந்த கொடுமை இல்லை. இதே லைனில் இன்னும் மேற்கே போனால் கோயம்புத்தூருக்கு 1862ல் கிடைத்தது போத்தனூர் ஸ்டேஷன். மேட்டுப்பாளையம் கிளை 1873ல் வந்த பிறகுதான் கோவை டவுனுக்கே ரயில் வந்தது. பாலக்காட்டுக்குக் கிடைத்தது ஒலவக்கோடு. ஒரே கம்பெனி, ஒரே லைன், மூன்று ஊர்களுக்கும் ஒரே மரியாதை!

அப்போது சேலம் என்பது என்ன? கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று ஆற்றின் இரு பக்கமும் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு தறிக்காரர் ஊர். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை ஆனது. 1866ல் நகராட்சி வந்தது. 1871 கணக்கெடுப்பில் 50,012 பேர். பத்து வருஷம் கழித்து 1881ல் 50,667 பேர். வெறும் 655 பேர் கூடியிருக்கிறார்கள். நடுவில் நடந்தது 1876-78 பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வது. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.67 லட்சத்திலிருந்து 16 லட்சத்துக்கு இறங்கியது. பிழைப்பு தேடி டவுனுக்கு வந்தவர்களை வைத்துத்தான் டவுன் கணக்கு குறையாமல் நின்றிருக்க வேண்டும். வெளியூர் தானியம் வந்தது ரயிலில்தான். ஆனால் தானியம் வந்தால் மட்டும் போதுமா, வாங்கக் கையில் காசு வேண்டாமா?

1901ல் 70,621. பிறகு ஒரு சரிவு. 1911ல் 59,153, 1921ல் 52,244. பிளேக்கும், 1918ன் விஷக்காய்ச்சலும் தென்னிந்திய டவுன்களை ஆட்டிப்படைத்த காலம் அது. நெருக்கமான தெருக்கள்தான் முதலில் அடி வாங்கின. வசதி உள்ளவர்களுக்கு ஊருக்கு வெளியே காற்றோட்டமாக வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வந்தது இந்தக் காலத்தில்தான்.

சூரமங்கலத்துக்கு வருவோம். ஒரு ஸ்டேஷன் வந்தால் என்னென்ன வரும்? முதலில் ரயில்வே ஆட்கள். டிரைவர், கார்டு, கேங்மேன், கிளார்க், போர்ட்டர் என்று பெரிய பட்டாளம். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். ரயில்வே வேலை என்றாலே டிரான்ஸ்ஃபர்தான், அதனால் பட்டாளத்தில் பாதி வெளியூர். 1908ல் ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரைக்குமான இந்த லைன் தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு மாறியது. 1951ல் தெற்கு ரயில்வே உருவானது. பிற்பாடு நிர்வாகம் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து நடந்தது. ஆகவே சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மலையாளம் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அடுத்து சரக்கு. ஜங்ஷனுக்கு வடக்கே வெள்ளைக்கல் பூமி. இங்கிலீஷ்காரர்கள் வெள்ளையாகத் தெரிந்த அந்த மேடுகளுக்குச் சாக்குக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது சாக்குக்கட்டி இல்லை, மேக்னசைட். இரும்பை உருக்கும் உலைக்கு உள்பக்கம் பதிக்கும் செங்கல்லுக்கு இதுதான் மூலப்பொருள். எடை அதிகம், விலை குறைவு, ஆகவே வண்டி கட்டித் தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. ரயில் பக்கத்திலேயே ஓடியதால்தான் அந்தக் கல்லுக்கே விலை வந்தது என்று சொல்லலாம். அடுத்த ஸ்டேஷனுக்குப் பெயரே மேக்னசைட் ஜங்ஷன்! கல்லின் பெயரில் ஒரு ஜங்ஷன் வேறு எங்காவது இருக்கிறதா?

மேட்டூர் அணை கட்டிய காலத்தில் (1925-34) சேலத்திலிருந்து மேட்டூருக்கு ஒரு கிளை லைன் போனது. 1930களின் தொடக்கத்தில் ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் மீட்டர் கேஜ் லைன் வந்தது. டவுன், மார்க்கெட் என்று இரண்டு குட்டி ஸ்டேஷன்கள் அந்த லைனில் இருந்ததால் கடைசியில் ரயில் டவுனுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆனால் பெரிய ரயில் எல்லாம் ஜங்ஷனில்தான்.

பிறகு ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றுபோக, 1940களில் சேலம் பக்கம் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்க ஆரம்பித்தார்கள். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் காடுகளில் கிழங்கு, சுற்றிலும் ஆலைகள். வட இந்தியாவில் விரதம் இருப்பவர்கள் தட்டில் இருக்கும் கிச்சடி இந்தச் சமவெளியில் இருந்து போனது. 1981ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டவுனில் இல்லை. ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ஜாகிர் அம்மாபாளையத்தில்.

டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் இருந்த காலி இடமும் மெல்ல நிரம்பியது. தியாகராஜர் பாலிடெக்னிக் 1958ல் ஜங்ஷன் ரோட்டில் வந்தது. மூன்று ரோடு, நான்கு ரோடு, ஐந்து ரோடு என்று எண்ணை வைத்தே பெயர் சொல்லும் அந்தப் பகுதியில் கடைகளும் மில் குடோன்களும் ஆஸ்பத்திரிகளும் முளைத்தன. (பெயர் வைப்பதில் சேலத்துக்காரர்கள் சிக்கனக்காரர்கள்.)

இந்தக் கதையின் பெரிய திருப்பம் 1970ல். அந்த வருஷம் செப்டம்பர் 16ம் தேதி கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது என்பதற்காகத்தான் மக்கள் அந்த ஆலையை அத்தனை வருஷம் கேட்டார்கள். கடைசியில் வந்ததோ வெளியிலிருந்து எஃகுச் சுருள் வாங்கி மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடாக உருட்டும் ஆலை. 1981ல் உற்பத்தி ஆரம்பித்தது. ஆலை ஊழியர்களுக்குக் கட்டிய டவுன்ஷிப்பின் பெயர் மோகன் நகர். மத்திய உருக்குத்துறை அமைச்சராக இருந்து 1973ல் விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலத்தின் பெயர் அது. அவர் குடும்பமும் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தான். ஆலை டவுனுக்கு மேற்கே, ஜங்ஷனையும் தாண்டி. வீடு தேடியவர்கள், மனை வாங்கியவர்கள், ஆலையை நம்பிக் கடை போட்டவர்கள், லேத் பட்டறை போட்டவர்கள் என்று எல்லோருக்கும் மேற்குப் பக்கம்தான் திசை.

இனிமேல்தான் முக்கியமான சமாச்சாரம். கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் நகராட்சியின் மக்கள்தொகை 1951ல் 2,02,335. 1961ல் 2,49,145. 1971ல் 3,08,716. 1981ல் 3,61,394. பத்து வருஷத்துக்கு ஒருமுறை 46 ஆயிரம், 59 ஆயிரம், 52 ஆயிரம் என்று கூடிக்கொண்டே வந்த ஊர். 1991ல் எவ்வளவு இருக்க வேண்டும்? நான்கு லட்சமாவது தாண்டியிருக்க வேண்டாமா? வந்த எண் 3,66,712. அதாவது பத்து வருஷத்தில் கூடியது 5,318 பேர். ஒன்றரை சதவீதம்கூட இல்லை! உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய அதே பத்து வருஷத்தில்!

அடுத்த பத்து வருஷம் இன்னும் வேடிக்கை. 2001ல் 6,96,760. கூடியது 3,30,048 பேர், 90 சதவீதம்!

ஊர் 1980களில் ஏன் நின்றது, 1990களில் ஏன் பாய்ந்தது? சேலத்தைப் பற்றிய கட்டுரைகளில் "1990களில் சேலம் அதிவேகமாக வளர்ந்தது" என்று யாராவது எழுதினால் கவனமாகப் படிக்க வேண்டும். காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. அந்த வருஷம் விற்பனை இரண்டு மடங்காகத் தெரியும். அதை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் போட்டால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

நடந்தது அதேதான். 1994ல் சேலம் மாநகராட்சி ஆனது. சூரமங்கலம் நகராட்சி, கொண்டலாம்பட்டி பேரூராட்சி, சுற்றியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் எல்லாம் அதற்குள் வந்தன. பரப்பளவு 91.34 சதுர கிலோமீட்டர், 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி. 1991ல் கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் 2001ல் கோட்டுக்கு உள்ளே இருந்தார்கள். அவர்களில் ரொம்பப் பேர் வீடு மாறவே இல்லை. கோடுதான் அவர்களைத் தாண்டிப் போய் நின்றது.

சரி, 1980களில் டவுன் ஏன் நின்றது? அதற்கும் பதில் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வீடு என்பது தறியும் சேர்ந்தது. முன் கூடத்தில் குழித்தறி, பாவு ஓட்டத் தெரு, பின்னால் ஒரு அறையில் குடும்பம். மூன்று பிள்ளைகள் கல்யாணம் செய்தால் மூன்று குடும்பத்துக்கு அங்கே இடம் இல்லை. ஒருவன் பழைய வீட்டில் இருப்பான், மற்ற இருவரும் வெளியே மனை பார்ப்பார்கள். வெளியே மனை விலை குறைவு, வரியும் டவுன் அளவுக்கு இல்லை, வீட்டைச் சுற்றி நான்கடி விட்டுக் கட்டலாம். ஆக சேலம் வளராமல் இல்லை. நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அந்த வளர்ச்சி முழுக்க சூரமங்கலம் மாதிரி ஊர்களின் கணக்கில் ஏறியது. தாய்க்குக் கணக்கு எழுதியவர் பிள்ளைகளை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு தமாஷ் உண்டு. தபால் துறைக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. பின்கோடு முறை 1972ல் வந்தது. சூரமங்கலத்தின் பின்கோடு 636005, அதாவது "சேலம்-5". ரயில்வேயைக் கேட்டால் 1861லிருந்தே அது சேலம். தபால்காரரைக் கேட்டாலும் சேலம். நகராட்சி ஆபீசைக் கேட்டால்தான் அது வேறு ஊர்!

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. ஓர் ஊருக்கு எத்தனை பேர் என்ற எண்ணை வைத்துத்தான் அரசு மானியம் பிரிக்கிறது, குடிநீர்த் திட்டத்துக்கு லிட்டர் கணக்குப் போடுகிறது, வார்டு பிரிக்கிறது. சேலத்துக்குத் தண்ணீர் என்றாலே பெரிய கதை. பனமரத்துப்பட்டி ஏரி பற்றாமல் போய் மேட்டூர்த் தண்ணீரை நம்பிய ஊர் இது. டவுனில் வேலை செய்து, டவுன் கடைகளில் வாங்கி, ராத்திரி சூரமங்கலத்தில் தூங்குகிறவருக்கு டவுன் ரோடு வேண்டும், டவுன் ஆஸ்பத்திரி வேண்டும். ஆனால் டவுனின் தலைக்கணக்கில் அவர் தலை இல்லை. தலை எங்கே எண்ணப்படுகிறதோ அங்கே பணம் போகும். அவர் கால் நடக்கிற ரோடோ வேறு இடத்தில் இருக்கிறது.

சேர்த்துக்கொண்ட பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? அங்கேயும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1986ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான். 1991லிருந்து நடுவில் ஐந்து வருஷம் உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 1994 அந்த ஐந்துக்குள் வருகிறது. அதாவது சூரமங்கலம் நகராட்சி கலைந்து சேலத்தோடு சேர்ந்தபோது, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தீர்மானம் போட அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனிலேயே அமலுக்கு வந்து, நகராட்சிகளுக்கு அதிகாரம் என்று பேப்பரில் எழுதியாகிவிட்டது. இணைப்பு நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. டவுனும் புறநகரும் ஒரே ஊராக வாழும்போது ஒரே நிர்வாகம் இருப்பது நியாயம்தான். கேட்காமல் செய்தது நியாயம் இல்லை.

அதோடு இன்னொன்றும் போய்விட்டது. 1991 வரை கணக்கெடுப்புப் புத்தகத்தில் சூரமங்கலம் என்று தனி வரி இருந்தது. எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று அந்த ஒரு வரியில் பார்க்கலாம். 2001லிருந்து அந்த வரி கிடையாது. மண்டலத்தின் பெயராக சூரமங்கலம் இருக்கிறது. ஆனால் பழைய நகராட்சியின் எல்லையும் மண்டலத்தின் எல்லையும் ஒன்றல்ல, பக்கத்து ஊராட்சிகளும் அதில் இருக்கின்றன. ஆகவே 1991 எண்ணையும் 2001 எண்ணையும் பக்கத்தில் வைத்து "சூரமங்கலம் இத்தனை வளர்ந்தது" என்று சொல்லவே முடியாது. ரயில் வந்ததால் உருவான ஒரு ஊரின் கணக்குப் புத்தகம் 1991ல் மூடப்பட்டுவிட்டது.

ஊர் மட்டும் நிற்கவில்லை. 1999ல் தமிழக அரசு தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் சூரமங்கலத்துக்கும் ஒரு சந்தை கிடைத்தது. சுற்றுவட்டாரக் காய்கறிக்காரர்கள் காலையில் அங்கே கூடுகிறார்கள். 2007 நவம்பர் 1ம் தேதி பாலக்காடு கோட்டத்தையும் திருச்சி கோட்டத்தையும் பிரித்து சேலம் ரயில்வே கோட்டம் உருவானது. கேரளாவில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. போதாக்குறைக்கு நவம்பர் 1 கேரள மாநிலம் பிறந்த நாள் வேறு! 146 வருஷம் வெளியூர் ஆபீஸ்களின் உத்தரவில் ஓடிய ஸ்டேஷனுக்கு அன்றுதான் சொந்த ஆபீஸ் கிடைத்தது. அதே வருஷம் விருத்தாசலம் லைன் அகலப்பாதையாகியது. 2013ல் நாமக்கல் வழியாகக் கரூருக்கு லைன் திறந்தது. அதுவரை மாவட்டத் தலைநகரமான நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது. லாரிக்குப் பேர்போன ஊர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ!

2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி 8,29,267 பேர். பத்து வருஷத்தில் 19 சதவீதம். கோடு நகராத பத்து வருஷம் என்பதால் இதை நம்பலாம். மாநகராட்சியோடு ஒட்டிய புறநகர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 9,17,414. வித்தியாசம் 88,147 பேர். கன்னங்குறிச்சி, கருப்பூர் மாதிரி இடங்களில் இருப்பவர்கள் இவர்கள். கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966லிருந்து இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் 1997லிருந்து இருக்கிறது. அங்கே படித்தவர்கள் "சேலத்தில் படித்தேன்" என்றுதான் சொல்வார்கள். 2011ல் அந்த ஊர் தனிப் பேரூராட்சி. ஜங்ஷனின் கதை அப்படியே திரும்ப நடக்கிறது.

2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ம் தேதியை அடிப்படையாக வைத்து எண்ணுவது என்று முடிவாகியது. எண்ணுவதற்கு முன்னால் ஊர் எல்லைகளை நிறுத்தி வைப்பார்கள். இந்த முறை அதற்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அன்றைக்குக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தார்களோ, அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் அந்த 88 ஆயிரமும் அதற்குப் பிறகு சேர்ந்தவர்களும் ஏறுவார்கள்.